மூட்டைக்குள் சூடு ஏறுவது ஏன்? காய்ந்த கேழ்வரகும் காற்றின் ஈரமும்

கார்த்திகை, மார்கழி மாதங்களில் தருமபுரி மாவட்டத்துக் களங்களில் கேழ்வரகு அடிபடுகிறது. ஆடி, ஆவணியில் மானாவாரியாக விதைத்த பயிர் முற்றி வரும் காலமும், வடகிழக்குப் பருவமழை முடிந்தும் முடியாமலும் தூறிக்கொண்டிருக்கும் காலமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. இடையில் இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் கிடைத்தால் விவசாயிகள் அவசர அவசரமாகக் காய வைத்து, தூற்றி, மூட்டை பிடித்து வீட்டு நடையில் அடுக்கிவிடுகிறார்கள். கூரை ஒழுகவில்லை, சுவர் நனையவில்லை. ஆனாலும் இருபது நாள் கழித்து மூட்டையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது. மக்கல் வாடையும் லேசாக அடிக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் படாத தானியத்தில் ஈரம் எப்படி வந்தது, சூடு எங்கிருந்து வந்தது என்று வீட்டிலுள்ளவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். சரியாகத் தூற்றவில்லை என்று ஒருவர் சொல்ல, சாக்கு சரியில்லை என்று இன்னொருவர் சொல்வார்.

உண்மையில் அந்தத் தண்ணீர் காற்றிலிருந்து வந்தது. சூட்டையும் அந்தத் தண்ணீரே கொண்டுவந்தது. களத்தில் காய வைப்பதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் முதல் தவறு. காய வைப்பது பாதி வேலை. காய்ந்த தானியத்தை ஈரக் காற்றிலிருந்து மறைத்து வைப்பது மீதிப் பாதி. இந்த இரண்டாவது பாதியை விவசாயிகள் கவனிப்பதில்லை, கொள்முதல் செய்பவர்களும் கவனிப்பதில்லை.

இதில் புதிய விஷயம் எதுவும் இல்லை. டப்பாவின் மூடியைத் திறந்து வைத்தால் மழைக்காலத்தில் முறுக்கு நமத்துப் போகிறது. சித்திரையில் தாராளமாகத் திறந்து மூடிய மரக்கதவு ஐப்பசியில் நிலையோடு இறுகிக்கொள்கிறது. முறுக்கின் மீதோ கதவின் மீதோ யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் நீராவியை அவை உறிஞ்சிக்கொண்டன. தானியத்திலுள்ள மாவுச்சத்து, புரதம், உமியிலும் வைக்கோலிலும் உள்ள நார்ப்பொருள், ஆட்டு ரோமம், பட்டு, பஞ்சு, சணல் ஆகிய எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. உயிருள்ளவை உண்டாக்கும் இப்பொருள்களெல்லாம் சிறு சிறு கண்ணிகளைக் கோத்த நீண்ட சங்கிலிகளாக அமைந்தவை. விஞ்ஞானிகள் இவற்றை பாலிமர் என்கிறார்கள். இந்தச் சங்கிலியின் கண்ணிகளில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இடங்கள் ஏராளம். நன்கு காய்ந்த தானியத்தில் அந்த இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. ஈரக் காற்று பட்டதும் நீராவி வந்து அந்த இடங்களில் ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு நன்றாகக் காய்ந்திருக்கிறதோ அவ்வளவு தாகம்.

சூடு வருவதற்குக் காரணம் மண்பானையைப் பார்த்தால் விளங்கும். பானையின் மேல் கசியும் தண்ணீர் ஆவியாகப் போகும்போது பானையிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்கிறது. தானியத்தில் நடப்பது இதன் மறுபக்கம். ஆவியாகத் திரிந்த நீர், தானியத்தில் வந்து ஒட்டும்போது தான் சுமந்து வந்த சூட்டை அங்கே இறக்கி வைக்கிறது. ஒரு கிராம் நீராவி இப்படி ஒட்டினால் ஏறக்குறைய 600 கலோரி சூடு வெளியாகிறது. மிகவும் காய்ந்த தானியமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வரும். களத்தில் ஈரத்தை விரட்ட வெயில் எவ்வளவு சூட்டைச் செலவழித்ததோ, அத்தனையும் ஈரம் திரும்பி வரும்போது கூடவே திரும்பி வருகிறது.

மலையடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர்கள் தூறலிலும் பனியிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்பதில் இந்த அறிவு இருக்கிறது. ஆட்டு ரோமம் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீராவியைக் குடித்தும் கைக்கு ஈரமாகத் தெரியாது. குடிக்கக் குடிக்கச் சூடும் விடும். சந்தேகப்படுகிறவர்கள் ஒரு கம்பளித் துண்டை நல்ல வெயிலில் காய வைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஆற விட்டு, பிறகு எடுத்து வாயருகே வைத்து அதன் ஊடே ஊதிப் பார்க்கலாம். ஊதும் மூச்சைவிடத் துண்டு சூடாவது தெரியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் விளையாட்டாகவே செய்து காட்டிவிடுவார்கள்.

கம்பளிக்கு நன்மையாக இருக்கும் இந்தக் குணம் கேழ்வரகு மூட்டைக்குத் தீமையாகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் அளவு புரியும். 10 சதவிகித ஈரத்தில் காய்ந்த 100 கிலோ கேழ்வரகு மெல்ல மெல்ல 13 சதவிகிதத்துக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது காற்றிலிருந்து குடித்த தண்ணீர் சுமார் மூன்றரை கிலோ. அந்தத் தண்ணீரோடு உள்ளே வந்த சூடு ஏறக்குறைய 2,000 கிலோ கலோரி. 25 லிட்டர் தண்ணீரை அடுப்பில்லாமல் கொதிக்க வைக்க இது போதும்.

அப்படியானால் மூட்டை ஏன் கொதிக்கவில்லை என்ற கேள்வி நியாயமானது. சூடு ஒரே நாளில் வருவதில்லை. பல நாட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்து, சாக்கின் வழியே வெளியேறிவிடுகிறது. தனியாக நிற்கும் ஒரு மூட்டையில் அது கைக்குத் தெரியவே தெரியாது. இருபது முப்பது மூட்டைகளை நெருக்கி, சுவரோடு ஒட்டி அடுக்கியிருந்தால் நடுவிலுள்ள மூட்டைகளின் சூடு வெளியேற வழியில்லை. அங்கே வெப்பம் சில டிகிரி கூடுகிறது. அந்தச் சில டிகிரி பெரிதல்ல. அதோடு சேர்ந்து வந்த ஈரம்தான் விபரீதத்தை உண்டாக்குகிறது.

தானிய மணிகளுக்கு இடையிலுள்ள காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவிகிதத்தைத் தாண்டினால் அதுவரை உறங்கிக் கிடந்த பூஞ்சணங்கள் விழித்துக்கொள்கின்றன. வெதுவெதுப்பான இடத்தில் வண்டுகளும் அந்துப்பூச்சிகளும் வேகமாகப் பெருகுகின்றன. இவையும் மூச்சு விடுகின்றன. மாவுச்சத்தைத் தின்று மூச்சு விடும்போது கரியமில வாயுவோடு தண்ணீரும் சூடும் வெளியாகின்றன. ஒரு கிலோ மாவுச்சத்து இப்படி அழிந்தால் அரை கிலோவுக்கு மேல் புதிதாகத் தண்ணீர் பிறக்கிறது. அந்தத் தண்ணீரைப் பக்கத்து மணிகள் குடிக்கின்றன. பூஞ்சணம் அங்கேயும் பரவுகிறது. கையை விட்டால் நன்றாகச் சுடுகிறது என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்ட மூட்டையில் பெரும்பங்குச் சூடு இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. காற்றின் ஈரம் கதவைத் திறந்து விட்டது, பூஞ்சணம் உள்ளே புகுந்துவிட்டது. ஆகவே சுடும்வரை காத்திருப்பது சரியல்ல. வெதுவெதுப்பாகத் தெரியும்போதே மூட்டையை அவிழ்த்துக் காய வைத்துவிட வேண்டும்.

நிலக்கடலை போடுகிறவர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். எண்ணெய் தண்ணீரைக் குடிப்பதில்லை. கடலைப் பருப்பில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். காற்றிலிருந்து வரும் ஈரமெல்லாம் மீதிப் பாதியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. எனவே கேழ்வரகில் 13 சதவிகிதம் எவ்வளவு ஆபத்தோ, கடலைப் பருப்பில் 8 சதவிகிதமே அவ்வளவு ஆபத்து. கடலையில் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. கல்லீரலைக் கெடுக்கும் இந்த நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போவதில்லை. செக்குக்குப் போன பிறகு பிண்ணாக்கோடு மாட்டுக்கும் போய்ச் சேருகிறது.

களத்தில் நடப்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். பகல் முழுவதும் பரப்பிக் காய வைத்த கேழ்வரகை, மறுநாளும் காய வேண்டும் என்பதற்காக இரவில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மழை வராது என்று வானத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டால் போதும் என்பது எண்ணம். மார்கழி விடியலில் பனிமூட்டம் இறங்கும்போது காற்றின் ஈரப்பதம் 100 சதவிகிதத்தை நெருங்கி நிற்கிறது. மெல்லிதாகப் பரப்பிய தானியம் பகலில் விட்ட ஈரத்தில் ஒரு பகுதியை இரவில் திரும்பக் குடித்துவிடுகிறது. அடுத்த நாள் வெயிலின் முதல் இரண்டு மணி நேரம் முந்திய இரவின் ஈரத்தை விரட்டவே சரியாகப் போகிறது. மாலை ஐந்து மணிக்குள் தானியத்தைக் குவியலாகக் கூட்டித் தார்ப்பாய் போட்டு மூடினால் இந்த நஷ்டம் இல்லை. பனி விலகி, தரை காய்ந்த பிறகு, காலை ஒன்பது மணிக்கு மேல்தான் பிரிக்க வேண்டும். மூன்று நாள் காய வேண்டியது இரண்டு நாளில் காய்ந்துவிடும்.

இன்னொரு பழக்கம், சுடச்சுட மூட்டை பிடிப்பது. உச்சி வெயிலில் காய்ந்த தானியத்தைச் சூட்டோடு சாக்கில் கொட்டித் தைத்துவிட்டால் பூச்சி வராது என்று சிலர் நம்புகிறார்கள். இரவில் மூட்டையின் வெளிப்புறம் குளிர்கிறது, உள்புறம் சூடாகவே இருக்கிறது. உள்ளிருந்து கிளம்பும் ஆவி வெளிப்புற மணிகளில் வந்து படிகிறது. சாக்கை ஒட்டிய தானியம் முதலில் பூத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். நிழலில் ஆற விட வேண்டும். அதற்காகப் பனி இறங்கும்வரை ஆற விட்டாலும் கெடுதல். வெயில் சாய்ந்து, கைக்கு ஆறியதாகத் தெரிந்ததும் கட்டிவிடுவதே முறை.

வீட்டுக்கு வந்த பிறகு காற்றோட்டம் பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. தானியம் வைத்த அறையில் எப்போதும் காற்று வர வேண்டும் என்று மழை நாளிலும் சன்னலைத் திறந்து வைக்கிறார்கள். காய்ந்த காற்று வந்தால் நன்மை. ஈரக் காற்று வந்தால் தானியத்துக்கு நாமே தண்ணீர் காட்டியது போலாகும். அடைமழையிலும் பனிக்காலத்து இரவுகளிலும் சன்னல் மூடியிருக்க வேண்டும். நல்ல வெயிலடிக்கும் பிற்பகலில் இரண்டு மூன்று மணி நேரம் திறந்தால் போதும். தரையிலிருந்தும் ஈரம் ஏறும். சாணம் மெழுகிய மண் தரையானாலும் சிமெண்டுத் தரையானாலும் மரக்கட்டையோ பலகையோ போட்டு அதன்மேல் அடுக்க வேண்டும். சுவருக்கும் அடுக்குக்கும் இடையே ஓர் ஆள் நுழையும் இடம் இருந்தால் நல்லது. சணல் சாக்கும் ஈரம் குடிக்கும் பொருள்தான் என்பதை மறக்கலாகாது. போன வருடத்துச் சாக்கை வெயிலில் உலர்த்தாமல் தானியம் பிடிப்பது, ஈரத்துணியில் சுற்றி வைப்பதற்குச் சமம். உள்ளே பாலித்தீன் பை போட்ட சாக்கு காற்றின் ஈரத்தைத் தடுக்கும். ஆனால் சரியாகக் காயாத தானியத்தை அதில் கட்டினால் ஈரமும் சூடும் வெளியே போக வழியின்றி எல்லாம் விரைவில் கெடும்.

ஈரமானி எல்லா வீட்டிலும் இருக்காது. அதற்குப் பதிலாக ஓர் எளிய சோதனை உண்டு. நன்கு காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்குத் தானியமும், வறுத்து ஆற வைத்த தூள் உப்பு ஒரு கைப்பிடியும் போட்டு இறுக மூடிக் குலுக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் வைக்க வேண்டும். உப்பு கட்டிபட்டுப் பாட்டிலில் ஒட்டிக்கொண்டால் ஈரம் சுமார் 15 சதவிகிதத்துக்கு மேல் இருக்கிறது என்று பொருள். உப்பு உதிரியாகவே இருந்தால் பெரிய அபாயம் இல்லை. ஆனால் கேழ்வரகு விற்பனைக்கு இந்தச் சோதனை போதாது. அதற்குக் காரணம் அரசு வைத்திருக்கும் அளவு.

தருமபுரி விவசாயிகளுக்கு இந்த விஷயம் இப்போது பணப் பிரச்சினையாகவும் ஆகிவிட்டது. 2023 மே மாதம் முதல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அதற்காகக் குறைந்தபட்ச ஆதார விலையில் விவசாயிகளிடம் நேரடியாகக் கேழ்வரகு கொள்முதல் செய்யப்படுகிறது. 2022-23இல் குவிண்டாலுக்கு 3,578 ரூபாயாக இருந்த ஆதார விலை 2025-26க்கு 4,886 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வரவேற்க வேண்டிய ஏற்பாடு இது. ஆனால் கொள்முதல் தர விதிப்படி கேழ்வரகில் 12 சதவிகித ஈரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நெல்லுக்கு 17 சதவிகிதம் வரை இடம் கொடுக்கும் விதி, கேழ்வரகுக்கு 12இல் நிற்கிறது.

நீண்ட நாள் சேமிப்புக்கு 12 சதவிகிதம் நல்ல அளவுதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. 12 சதவிகிதத்தில் உள்ள தானியம், 60, 65 சதவிகித ஈரமுள்ள காற்றோடுதான் ஒத்துப்போகும். மார்கழி இரவின் காற்று அதைவிட எவ்வளவோ ஈரமானது. அந்தக் காற்றில் திறந்து கிடக்கும் கேழ்வரகு, யார் என்ன செய்தாலும் 12ஐத் தாண்டியே தீரும். விவசாயி 11 சதவிகிதத்துக்குக் காய வைத்து வாடகை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்த சரக்கு, பக்கச்சுவர் இல்லாத கொட்டகையில் மூன்று நான்கு இரவுகள் வரிசையில் காத்துக் கிடந்தால், எடை போடும் நாளில் வெளி மூட்டைகளில் ஈரமானி வேறு எண்ணைக் காட்டலாம். அதைக் காய வைக்காத சரக்கு என்று திருப்பி அனுப்புவது நியாயமாகாது. சரக்கு வந்து சேர்ந்த அன்றே, விவசாயியின் கண்ணெதிரில் ஈரம் அளந்து, எண்ணைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு தாமதம் ஏற்பட்டால் இடையில் ஏறிய ஈரத்துக்கு விவசாயி பொறுப்பாக மாட்டார். மூட்டையின் ஓரத்திலிருந்து மட்டும் மாதிரி எடுக்காமல் நடுவிலிருந்தும் எடுக்க வேண்டும். ஓரம்தான் முதலில் ஈரம் குடிக்கும் இடம் என்பது மேலே சொன்னதிலிருந்து தெரியும்.

இதற்கு எதிராக ஒரு வாதம் சொல்லப்படலாம். வந்த அன்று அளந்தால், அதன் பிறகு யாராவது தண்ணீர் தெளித்து எடையைக் கூட்டிவிடலாமே என்பார்கள். மூட்டையில் முத்திரை வைத்துவிட்டால் அந்த வாதத்துக்கு இடமில்லை. விவசாயிகளிலும் சிலர் ஈரம் ஏறினால் எடை ஏறும், லாபம்தானே என்று விளையாட்டாகச் சொல்வதுண்டு. 10இலிருந்து 13க்கு ஏறிய 100 கிலோ மூட்டையில் கூடுதலாகத் தெரியும் மூன்றரை கிலோவுக்கு 2025-26 ஆதார விலையில் ஏறக்குறைய 170 ரூபாய்தான் வரும். சரக்கு தள்ளப்பட்டால் வெளி வியாபாரி கேட்கும் விலைக்குத்தான் கொடுத்துவிட்டு வர வேண்டும். வண்டி வாடகையும் போய்விடும். விதைக்கென்று வைத்த தானியமாக இருந்தால் முளைப்புத்திறன் குறைந்து அடுத்த ஆடிப்பட்டம் பாதிக்கும். இதில் லாபக் கணக்கு எங்கே இருக்கிறது?

முன்னோர்கள் ஈரமானி இல்லாமலே இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். பக்கத்துக் கர்நாடகத்தில் கேழ்வரகை ஆழமான நிலக்குழிகளில் கொட்டி வைக்கும் வழக்கம் இருந்தது. அங்கே அதற்கு ஹகேவு என்று பெயர். மேட்டுப்பாங்கான, நீர் ஊறாத இடத்தில் குழி எடுத்து, அடியிலும் பக்கங்களிலும் வைக்கோல் கொடுத்து, நன்கு காய்ந்த கேழ்வரகை நிரப்பி, வாயைக் கல்லும் மண்ணும் கொண்டு அடைத்துவிடுவார்கள். மண்ணிலிருந்து வரும் ஈரத்தை வைக்கோல் வாங்கிக்கொள்ளும். வெளிக்காற்று உள்ளே போகாது. உள்ளே இருக்கும் காற்றையும் தானியமே மூச்சு விட்டுத் தீர்த்துவிடுவதால் பூச்சி பிழைக்காது. பஞ்சத்துக்கு ஆகும் என்று பல ஆண்டுகள் அப்படி வைத்திருந்தார்கள். குழியைத் திறந்த உடனே யாரையும் உள்ளே இறங்க விடமாட்டார்கள். விளக்கை இறக்கிப் பார்த்து, அணையாமல் எரிந்தால்தான் ஆள் இறங்குவார். இன்று வீட்டுக்கு வீடு குழி வெட்டச் சொல்வது நடக்காத காரியம். காற்றுப் புகாத தகரக் குதிரும், இறுக மூடும் பிளாஸ்டிக் பீப்பாயும் அதே வேலையைச் செய்யும். விதைக் கேழ்வரகையும் சாமையையும் கொள்ளையும் அவற்றில் வைக்கலாம். 10, 11 சதவிகிதத்துக்குக் காய்ந்த பிறகே மூட வேண்டும் என்பது மட்டும் மாறாத நிபந்தனை.

மாட்டுத் தீவனத்துக்கும் ஒரு வார்த்தை. கேழ்வரகுத் தாளையும் நெல் வைக்கோலையும் பச்சை வாடாமல் போர் போட்டால் நடுவில் புகை போல ஆவி கிளம்புவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அங்கே நுண்ணுயிர்கள் வேலை செய்து 70 டிகிரி வரை சூட்டை ஏற்றிவிடும். பெரிய போராக இருந்தால் அதற்கு மேலும் ஏறித் தானாகவே தீப்பிடிக்கலாம். வீட்டை ஒட்டிப் போர் போடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

களத்துக்குத் தார்ப்பாய், கொள்முதல் நிலையத்துக்கு மூன்று பக்கம் மறைத்த கொட்டகை, ஊருக்கு ஒன்றாவது பொதுவில் ஓர் ஈரமானி. கேட்பது இவ்வளவுதான். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் ஈரமானியை வைத்து, கொண்டுவரும் மாதிரியை இலவசமாக அளந்து சொன்னால், 12க்கு மேல் இருக்கும் சரக்கை வண்டியில் ஏற்றிப் போய் ஏமாந்து திரும்பும் செலவு மிச்சமாகும். தார்ப்பாய் மானிய விலையில் கொடுக்கப்படும்போது கேழ்வரகு விவசாயிக்கு அது தை மாதத்தில் வந்து பயனில்லை. ஐப்பசி பிறக்குமுன் பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் களங்களில் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.